அலுமாரியில் தூங்கும் ஐந்தாண்டுத் திட்டங்கள்

இலங்கையில் எந்தப் பாடசாலைக்குப் போனாலும் அதிபரின் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி இருக்கும். அதற்குள் விளையாட்டுப் போட்டிக் கிண்ணங்களுக்கும் சம்பவத்திரட்டுப் புத்தகத்துக்கும் பக்கத்தில் தடித்த கோவை ஒன்று நிற்கும். வர்ண அட்டை, பிளாஸ்டிக் உறை, சுருள் கட்டு. மேலே "ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டம்" என்று எழுதியிருக்கும். அதனருகில் சற்று மெலிந்த இன்னொரு கோவை: "வருடாந்த அமுலாக்கல் திட்டம்".

அந்தக் கோவை எப்போது வெளியே வருகிறது? வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து மேற்பார்வைக் குழு வரும்போது வருகிறது. வெளிவாரி மதிப்பீடு என்றால் தூசு தட்டப்பட்டு மேசைக்கு வருகிறது. மற்ற நாட்களில் அது தூங்குகிறது. அந்தப் பாடசாலையில் கற்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் "உங்கள் பாடசாலையின் இந்த வருடத் திட்டத்தில் உங்களுக்குரிய பங்கு என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரு சிரிப்புத்தான் பதிலாகக் கிடைக்கும்.

கல்வியியல் படிக்கும் மாணவர்களாகிய எங்களுக்கு "மூலோபாயத் திட்டமிடல்" என்பது பரீட்சைக்கு வரும் ஒரு தலைப்பு. வரைவிலக்கணம், படிமுறைகள், நன்மைகள், சவால்கள் என்று நான்கு பக்கம் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் அதிபர் ஒருவர் போடும் திட்டம் ஒரு பிள்ளையின் கற்றலை உண்மையிலேயே மாற்றுமா, மாற்றாவிட்டால் ஏன் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியதுதான்.

திட்டம் எங்கிருந்து வந்தது?

1945இல் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தபோது இருந்த கேள்வி வேறு. பிள்ளைகளை எப்படிப் பாடசாலைக்குள் கொண்டுவருவது என்பதே அன்றைய கேள்வி. அதற்காக மத்திய மகா வித்தியாலயங்கள் கட்டப்பட்டன. பின்னர் 1980இல் இலவசப் பாடநூல், 1993இல் இலவசச் சீருடை என்று ஒவ்வொன்றாக வந்தன. 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி என்ற ஒழுங்குவிதி 1998இல் நடைமுறைக்கு வந்தது. 2016இல் அந்த வயது 16 ஆக உயர்த்தப்பட்டது.

இந்த விடயத்தில் எமது நாடு பெருமைப்படலாம். பிள்ளைகள் பாடசாலைக்குள் வந்துவிட்டார்கள். ஏறத்தாழ பத்தாயிரம் அரச பாடசாலைகள் இருக்கின்றன. அடுத்த கேள்வி, உள்ளே வந்த பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறது என்பது. இதற்குக் கொழும்பிலிருந்து ஒரே சுற்றறிக்கையில் பதில் சொல்ல முடியாது. மட்டக்களப்பின் படுவான்கரையில் உள்ள ஒரு சிறிய பாடசாலையின் பிரச்சினையும் யாழ்ப்பாண நகரத்து 1ஏபி பாடசாலையின் பிரச்சினையும் நுவரெலியாத் தோட்டப் பாடசாலையின் பிரச்சினையும் ஒன்றல்ல.

இதை உணர்ந்துதான் 2006இல் பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தொடங்கப்பட்டது. அதிபர், ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர் எல்லோரும் சேர்ந்த பாடசாலை அபிவிருத்திக் குழு ஒன்று இருக்க வேண்டும், தன் பாடசாலைக்கான திட்டத்தை அந்தக் குழுவே தயாரிக்க வேண்டும், தர உள்ளீட்டு நிதியை அதன்படி செலவிட வேண்டும் என்பது அதன் சாரம். முடிவெடுக்கும் அதிகாரத்தில் ஒரு பகுதியைப் பாடசாலைக்கே கொடுக்கும் நல்ல எண்ணம் இது.

எண்ணம் நல்லது. ஆனால் பல இடங்களில் அதிகாரம் வரவில்லை, படிவம் மட்டும் வந்து சேர்ந்தது. படிவத்தை நிரப்புவதே திட்டமிடல் என்றாகிவிட்டது. ஒரு பாடசாலையின் திட்டத்தை இன்னொரு பாடசாலை வாங்கிப் பெயரை மாத்திரம் மாற்றி அச்சடிப்பது எங்கள் பக்கத்தில் இரகசியமான விடயமே இல்லை.

திட்டம் வேறு, ஆசைப்பட்டியல் வேறு

அந்தக் கோவையைத் திறந்தால் முதலில் தூரநோக்கு இருக்கும். "அறிவும் பண்பும் நிறைந்த நற்பிரஜைகளை உருவாக்குதல்" என்ற மாதிரி ஒரு வசனம். அடுத்து பணிக்கூற்று. அடுத்து பலம், பலவீனம், வாய்ப்பு, சவால் என்று நான்கு கட்டங்கள். "பலம்: அனுபவமிக்க ஆசிரியர்கள். பலவீனம்: பெற்றோரின் அக்கறையின்மை." அதற்குப் பிறகு நீண்ட அட்டவணைகள். கணிதப் பெறுபேற்றை உயர்த்தல், ஆங்கில அறிவை மேம்படுத்தல், விளையாட்டுத் துறையை வளர்த்தல், சூழலை அழகுபடுத்தல், ஒழுக்கத்தை நிலைநாட்டல், மலசலகூடம் திருத்தல், வாசிகசாலையை நவீனமயப்படுத்தல்... இப்படி நாற்பது, ஐம்பது நோக்கங்கள்.

ஐம்பது விடயங்களும் நல்லவைதான். ஆனால் ஐம்பதையும் முன்னுரிமை என்று எழுதினால் முன்னுரிமை எதற்குமே இல்லை என்றுதான் அர்த்தம். மூலோபாயம் என்ற சொல் போர்க்களத்திலிருந்து வந்தது. படையும் உணவும் நேரமும் அளவாக இருக்கும்போது எங்கே அடிப்பது, எதை இப்போதைக்கு விட்டுவிடுவது என்று தீர்மானிப்பவன் தளபதி. எல்லா வாசலிலும் ஒரே நேரத்தில் நிற்கப் பார்ப்பவன் எந்த வாசலையும் காக்க மாட்டான்.

ஓர் அதிபரிடம் இருக்கும் படையும் அளவானதுதான். சில ஆசிரியர்கள், கொஞ்ச நிதி, வருடத்துக்குச் சுமார் 200 நாட்கள். ஆகவே திட்டத்தை வாசிக்கும் ஒருவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி: "இந்த வருடம் எதைச் செய்வதில்லை என்று முடிவெடுத்தீர்கள்?" இதற்குப் பதில் இல்லையென்றால் அங்கே திட்டம் இல்லை, ஆசைப்பட்டியல்தான் இருக்கிறது.

சித்தி வீதம் என்னும் இலக்கு

சரி, ஐம்பதைக் குறைத்து ஒன்றே ஒன்றை இலக்காக எடுத்த அதிபர்களும் இருக்கிறார்கள். அந்த ஒன்று பெரும்பாலும் சித்தி வீதமாக இருக்கும். "க.பொ.த. சாதாரண தரத்தில் கணிதச் சித்தியை 60 வீதத்திலிருந்து 70 வீதமாக்குதல்." கேட்க நன்றாக இருக்கிறது. அளக்கக் கூடியது, காலவரையறை உள்ளது. விரிவுரையில் சொல்லித்தந்த எல்லா நிபந்தனைகளுக்கும் பொருந்துகிறது.

ஆனால் இதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. உதாரணத்துக்குத் தரம் 11இல் 60 பேர் என்று வைத்துக்கொள்வோம். 36 பேர் கணிதத்தில் சித்தியடைவார்கள், 24 பேர் சித்தியடைய மாட்டார்கள் என்பது நிலைமை. 70 வீதம் என்றால் 42 பேர். ஆக இன்னும் 6 பேரைத் தூக்கிவிட்டால் இலக்கு நிறைவேறிவிடும். சித்திக்கு 35 புள்ளி வேண்டும். அப்படியானால் யாரைத் தூக்குவது இலகு? 28, 30, 32 எடுக்கும் பிள்ளைகளை. அவர்களுக்கு மாலை வகுப்பு, கடந்தகால வினாத்தாள், கருத்தரங்கு, பக்கத்துப் பாடசாலையிலிருந்து வளவாளர் எல்லாம் வரும். மிஞ்சிய 18 பேர்? அவர்கள் 10, 12 புள்ளி எடுப்பவர்கள். என்ன செய்தாலும் வருகிற டிசம்பருக்குள் 35 எடுக்க மாட்டார்கள். எனவே அவர்கள் திட்டத்துக்குள் இல்லை. கடைசி வாங்கில் அமைதியாக இருந்தால் போதும்.

இலக்கு நிறைவேறுகிறது. ஒலிவாங்கியில் அதிபர் புகழப்படுகிறார். வீதியோரத்தில் பதாகை தொங்குகிறது. அந்தப் 18 பேரைப் பற்றி எந்த அறிக்கையிலும் ஒரு வரிகூட இருக்காது. இன்னும் மோசமான இடங்களில் "இவர் பரீட்சைக்குத் தோற்றினால் எங்கள் வீதம் குறையும்" என்று பிள்ளையின் பெற்றோரிடம் மறைமுகமாகச் சொல்லப்படுவதும் உண்டு. வீதத்தை உயர்த்த இரண்டு வழிகள் உள்ளன. மேலே உள்ள எண்ணைக் கூட்டலாம், அல்லது கீழே உள்ள எண்ணைக் குறைக்கலாம். இரண்டாவதற்கு வகுப்பறையில் யாரும் எதையும் கற்பிக்கத் தேவையில்லை.

நான் பெறுபேற்றுக்கு எதிரானவன் அல்லன். மொழி, கணிதம் உட்பட ஆறு பாடச் சித்தியும் அதில் மூன்று திறமைச் சித்தியும் இல்லாத பிள்ளைக்கு உயர்தரத்தின் வழமையான கதவு மூடப்படுகிறது. வறிய வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கதவு எவ்வளவு பெரியது என்பதை நாம் அறிவோம். நான் சொல்வது, இலக்கை எழுதும் விதத்திலேயே யாரைக் கைவிடுகிறோம் என்பதும் எழுதப்பட்டுவிடுகிறது என்பதைத்தான்.

அந்தப் 18 பேர் எங்கே தவறினார்கள்?

கற்பித்தற் பயிற்சிக்குப் போன பாடசாலை ஒன்றில் தரம் 7 மாணவன் ஒருவனைக் கண்டேன். கரும்பலகையில் எழுதுவதை மணி மணியான எழுத்தில் கொப்பியில் இறக்கிவிடுவான். கொப்பியைப் பார்த்தால் வகுப்பில் முதலாம் பிள்ளை என்று நினைப்பீர்கள். அவன் எழுதியதையே வாசிக்கச் சொன்னபோது வாசிக்கவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு எழுத்துக்களைப் பார்த்து வரையத் தெரியும். சேர்த்து வாசிக்கத் தெரியாது. ஆறு வருடங்கள் ஏழு ஆசிரியர்களின் கையால் அந்தக் கொப்பிகளுக்குச் சரி போடப்பட்டிருக்கிறது.

இந்தப் பிள்ளை தரம் 11இல் கணிதத்தில் தவறும்போது திட்டத்தில் "கணிதம்: பலவீனம்" என்று எழுதுவார்கள். கணித ஆசிரியருக்கு ஒரு செயலமர்வு நடக்கும். ஆனால் "ஒரு வியாபாரி 15 வீத இலாபம் வைத்து..." என்று தொடங்கும் வினாவை வாசிக்கவே முடியாதவனுக்கு இலாபக் கணக்கு எப்படி வரும்? அவனுடைய பிரச்சினை தரம் 2இல் தொடங்கிய தமிழ் வாசிப்புப் பிரச்சினை. விஞ்ஞானத்திலும் வரலாற்றிலும் சமயத்திலும் அவன் அதே காரணத்தால்தான் தவறுகிறான்.

ஆகவே பெறுபேற்றை உயர்த்த விரும்பும் அதிபர் முதலில் பார்க்க வேண்டியது தரம் 11ஐ அல்ல, தரம் 1, 2 வகுப்புகளையும் தரம் 6இன் வாசலையும்தான். 1998இல் தொடங்கிய ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் இதைத்தான் சொன்னது. ஒவ்வொரு முதன்மை நிலையின் முடிவிலும் பிள்ளை அடைந்திருக்க வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் எவை என்று பட்டியலே தரப்பட்டது. அந்தப் பட்டியலும் பல பாடசாலைகளில் இன்னொரு கோவையாகி அலுமாரிக்குள் போய்விட்டது என்பது வேறு விடயம்.

இடையில் நிற்பது தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை. வறிய கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நல்ல பாடசாலையும் உதவிப் பணமும் கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த பரீட்சை இது. இன்று அது பாடசாலைகளின் கௌரவப் போட்டியாகிவிட்டது. வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்தவர்களின் படங்கள் பதாகையில் வரும். கீழே எடுத்தவர்களுக்குப் பத்து வயதிலேயே "நீ தோற்றவன்" என்ற செய்தி போய்ச் சேரும். பாடசாலையின் மிகச் சிறந்த ஆரம்பப் பிரிவு ஆசிரியர் தரம் 5க்குக் கொடுக்கப்படுவார். புதிதாக நியமனம் பெற்று வந்தவரோ, ஓய்வுக்குக் காத்திருப்பவரோ தரம் 1இல் இருப்பார். அத்திவாரத்துக்கு அரைச் சீமெந்தும் மொட்டை மாடிக்கு முழுச் சீமெந்தும் போடும் வேலை இது.

அதிபரின் கையில் என்ன இருக்கிறது?

"எங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? ஆசிரியரைத் தருவதும் எடுப்பதும் வலயமும் மாகாணமும். பாடத்திட்டம் மகரகமையில் தயாராகிறது. நாங்கள் என்ன செய்ய?" என்று அதிபர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் யாருடைய அனுமதியும் இல்லாமல் ஓர் அதிபர் தீர்மானிக்கக் கூடிய விடயங்கள் சில உண்டு. மூலோபாயம் என்பது அவற்றைச் சுற்றித்தான் கட்டப்பட வேண்டும் என்பது எனது தாழ்மையான கருத்து.

முதலாவது, யார் எந்த வகுப்பைக் கற்பிப்பது. மேலே சொன்ன தரம் 1 விடயம் இதில்தான் அடங்கும். பாடசாலையின் மிகச் சிறந்த ஆசிரியரைத் தரம் 1க்கும் 2க்கும் அனுப்ப ஒரு கடதாசியில் அதிபரின் கையெழுத்து போதும். அதற்குப் பணம் வேண்டாம். பெற்றோரின் முணுமுணுப்பைத் தாங்கும் துணிவுதான் வேண்டும்.

இரண்டாவது, நேரம். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். நாளுக்கு எட்டுப் பாடவேளை, ஒவ்வொன்றும் 40 நிமிடம் என்றால் 320 நிமிடங்கள். ஆசிரியர் வகுப்புக்கு வந்து சேர, பிள்ளைகள் அமர, வரவு பார்க்க என்று ஒவ்வொரு பாடவேளையிலும் 10 நிமிடம் போனால் நாளுக்கு 80 நிமிடம் போகிறது. 200 நாளுக்கு 16,000 நிமிடம். 320ஆல் வகுத்தால் 50 நாட்கள். ஒரு வருடத்தில் 50 பாடசாலை நாட்கள் யாருக்கும் தெரியாமல் காணாமல் போகின்றன. இதற்கு மேல் விளையாட்டுப் போட்டிப் பயிற்சி, வாணிவிழா ஒத்திகை, அமைச்சர் வரவேற்பு, ஆசிரியர் லீவில் போன வகுப்பைச் சும்மா பார்த்துக்கொண்டிருத்தல். எந்த ஐந்தாண்டுத் திட்டத்திலாவது "இழந்த நேரம்" என்று ஒரு நிரல் இருப்பதைக் கண்டிருக்கிறீர்களா?

மூன்றாவது, ஆசிரியர் கூட்டம். எங்கள் பாடசாலைகளில் ஆசிரியர் கூட்டம் என்றால் சுற்றறிக்கை வாசித்தல், விழாப் பொறுப்புப் பிரித்தல், பிந்தி வருபவர்களுக்கு ஏச்சு. அந்த ஒரு மணி நேரத்தை ஆசிரியர்கள் ஒன்றாகக் கற்கும் நேரமாக மாற்றலாம். நியூசிலாந்தைச் சேர்ந்த விவியன் றொபின்சனும் அவரது சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. அதிபரின் தலைமைத்துவத்துக்கும் மாணவர் அடைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, அதிபர் செய்யும் எந்த வேலை அதிக விளைவைத் தருகிறது என்று அவர்கள் ஒப்பிட்டார்கள். இலக்குகளை வகுத்தல் 0.42 என்ற அளவிலும், வளங்களை மூலோபாய ரீதியில் ஒதுக்குதல் 0.31 என்ற அளவிலும் விளைவைக் காட்டின. ஆசிரியர்களின் கற்றலை ஊக்குவித்து அதில் அதிபர் தாமும் கலந்துகொள்ளுதல் 0.84. ஏனையவற்றைப் போலக் குறைந்தது இரண்டு மடங்கு. அதிபர் கதவருகே நின்று "செயலமர்வு நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போவது இதில் சேராது. அவரும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, பிள்ளைகளின் கொப்பிகளை ஆசிரியர்களோடு சேர்ந்து பார்க்க வேண்டும்.

நான்காவது, பணம் செலவாகும் வரிசை. தர உள்ளீட்டு நிதி பெரிய தொகை அல்ல. ஆனால் பழைய மாணவர் சங்கமும் வெளிநாட்டில் வாழும் உறவுகளும் அனுப்பும் பணம் எங்கள் பகுதிகளில் சில பாடசாலைகளுக்குக் குறைவில்லாமல் வருகிறது. அது நுழைவாயில் வளைவாகவும் சிலையாகவும் பெயர்ப்பலகையாகவும் மாறுகிறது. கொடுத்தவரின் பெயரைக் கல்லில் பொறிக்கலாம் அல்லவா! தரம் 2 பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்க 200 சிறுவர் கதைப் புத்தகங்கள் வாங்கினால் எங்கே பொறிப்பது? கொடுப்பவரிடம் "எங்களுக்கு வளைவு வேண்டாம், புத்தகம் வேண்டும்" என்று சொல்லக் கூடியவர் அதிபர் ஒருவர்தான்.

ஐந்தாவது, பெற்றோரோடு பேசும் பேச்சு. "பெற்றோரின் அக்கறையின்மை" என்று பலவீனக் கட்டத்தில் எழுதுவது மிக இலகு. காலை ஐந்து மணிக்குக் கொழுந்து எடுக்கப் போகும் தாயையும், வாடிக்குப் போய் இரவு திரும்பும் தகப்பனையும் வேலை நாளில் காலை பத்து மணிக்குக் கூட்டத்துக்கு அழைத்து, வராவிட்டால் அக்கறையில்லை என்று எழுதுகிறோம். கூட்டத்தை அவர்கள் வரக்கூடிய நேரத்துக்கு மாற்றுவதும் திட்டமிடல்தான்.

மறுப்புகளும் பதில்களும்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் மூன்று உண்மையானவை.

ஒன்று, தரம் 1இல் இன்று போடும் முதலீட்டின் பலன் சாதாரண தரத்தில் தெரியப் பத்து வருடங்கள் எடுக்கும். அதிபரோ அதற்கு முன் இரண்டு, மூன்று முறை இடமாற்றம் பெற்றுவிடுவார். ஐந்தாண்டுத் திட்டத்தைப் போட்டவர் ஐந்தாம் ஆண்டில் அதே கதிரையில் இருப்பது எத்தனை இடங்களில் நடக்கிறது? இதற்குத் தீர்வு அதிபரிடம் இல்லை. அதிபரின் சேவையை அளப்பவர்களிடம் இருக்கிறது. வலயக் கல்விப் பணிப்பாளர் "உங்கள் சித்தி வீதம் என்ன?" என்பதோடு "உங்கள் தரம் 3 பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு பந்தியைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள்?" என்றும் கேட்கத் தொடங்கினால் பலன் ஒரே வருடத்தில் தெரியும். கேட்கப்படும் கேள்விக்கு ஏற்பத்தான் பாடசாலைகள் இயங்கும்.

இரண்டு, ஆசிரியர் பற்றாக்குறை. கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஆசிரியரே இல்லாத கிராமத்துப் பாடசாலையில் மூலோபாயம் பேசுவது பசித்தவனுக்குச் சமையற் குறிப்புக் கொடுப்பது போல என்று ஒருவர் சொன்னால் அவரோடு நான் சண்டை பிடிக்க மாட்டேன். ஆசிரியர்களை நீதியாகப் பகிர்வது அரசின் கடமை. எந்த அதிபரின் கெட்டித்தனமும் அதற்கு ஈடாகாது. ஆனால் ஆசிரியர் குறைவாக உள்ள இடத்தில்தான் இருக்கும் ஆசிரியரை எங்கே நிறுத்துவது என்ற தீர்மானம் இன்னும் முக்கியமாகிறது. சோறு குறைவான வீட்டில்தான் பங்கிடத் தெரிந்த அம்மா வேண்டும்.

மூன்று, எதிர்பாராத பேரிடர்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன. 2021இல் இணையவழிக் கற்பித்தலும் ஆசிரியர் போராட்டத்தால் சில மாதங்கள் நின்றது. 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலை நாட்கள் குறைந்தன. டிசம்பரில் நடந்துவந்த சாதாரண தரப் பரீட்சை அடுத்தடுத்த வருடங்களுக்குத் தள்ளிப் போனது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயலும் வெள்ளமும் மண்சரிவும் மறுபடி பாடசாலைகளை மூட வைத்தன. ஐந்தாண்டுத் திட்டம் போட்டு என்ன பயன் என்று கேட்கலாம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. ஐம்பது நோக்கம் எழுதிய பாடசாலை அந்த நாட்களில் எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் நின்றது. எமது முதல் வேலை பிள்ளைகளின் வாசிப்பு என்று முன்பே முடிவெடுத்த பாடசாலைக்கு, கைபேசி இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு எதைக் கொடுத்தனுப்புவது என்பதில் குழப்பம் வராது. ஒரு கதைப் புத்தகமும் ஒரு கொப்பியும் போதும். 2020இல் தரம் 1இல் சேர்ந்த பிள்ளைகள் இன்று இடைநிலை வகுப்புகளில் இருக்கிறார்கள். அவர்கள் எழுத்துப் படிக்க வேண்டிய இரண்டு வருடங்களும் மூடிய கதவுகளுக்குள் போயின. அவர்களின் வாசிப்பைச் சோதித்துப் பார்க்காமல் பாடத்திட்டத்தை ஓட்டிக்கொண்டே போனால் 2030 அளவில் அவர்கள் சாதாரண தரத்துக்குத் தோற்றும்போது நாம் எல்லோரும் சேர்ந்து ஆச்சரியப்படுவோம்.

ஒரு பக்கத் திட்டம்

குறை சொல்வது இலகு, என்ன செய்யலாம் என்று சொல் என்பீர்கள். ஒரு பக்கத்தில் அடங்கும் திட்டம் ஒன்றை இங்கே தருகிறேன்.

முதலாம் தவணையின் முதல் இரண்டு வாரத்தில் தரம் 3இலும் தரம் 6இலும் உள்ள ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே அழைத்து ஒரு சிறு பந்தி வாசிக்கச் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு மூன்று நிமிடம். 80 பிள்ளைகள் என்றால் 240 நிமிடம். மூன்று ஆசிரியர்கள் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு பாடவேளை. வினாத்தாள் அச்சடிக்கும் செலவுகூட இல்லை.

வாசிக்க முடியாத பிள்ளைகளின் பெயர்களை எழுத வேண்டும். வீதமாக எழுதக் கூடாது, பெயராக எழுத வேண்டும். "21 வீதம்" என்று எழுதினால் அது ஒரு தரவு. பதினேழு பெயர்களை எழுதினால் அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் பதினேழு முகங்கள் வரும். இந்தப் பட்டியல் அதிபரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிப் பிள்ளையை அவமானப்படுத்தக் கூடாது.

ஒவ்வொரு நாளும் ஒரே பாடவேளையை வாசிப்புக்கு ஒதுக்கி, அந்த நேரத்தில் பிள்ளைகளைத் தரப்படி அல்லாமல் வாசிப்பு மட்டப்படி குழுவாக்கலாம். இந்தியாவில் பிரதம் என்ற நிறுவனம் பல வருடங்களாகச் செய்துவருவது இந்த முறைதான். எழுத்து தெரியாதவர் ஒரு குழு, சொல் வாசிப்பவர் ஒரு குழு, பந்தி வாசிப்பவர் ஒரு குழு. ஏறிய பிள்ளை அடுத்த குழுவுக்குப் போகும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பட்டியல் மட்டும் பேசப்பட வேண்டும். யாருடைய பெயரை வெட்டலாம், யாருக்கு முறையை மாற்ற வேண்டும், யார் பாடசாலைக்கே வருவதில்லை, வராத பிள்ளையின் வீட்டுக்கு யார் போவது. வருட முடிவில் பட்டியலில் எத்தனை பெயர் மிஞ்சியது என்பதே அந்தப் பாடசாலையின் பெறுபேறு.

மற்ற நாற்பத்தொன்பது நோக்கங்கள்? அவை வழமைபோல நடக்கும். மலசலகூடத்தைத் திருத்தத்தான் வேண்டும், விளையாட்டுப் போட்டி நடக்கத்தான் வேண்டும். அவற்றுக்கு நிருவாகம் போதும். அதிபரின் தனிப்பட்ட கவனமும் பாடசாலையின் சிறந்த ஆசிரியரும் முதல் ரூபாயும் எங்கே போகின்றன என்பதில்தான் மூலோபாயம் இருக்கிறது.

திட்டமிடல் தெரியாத அதிபர்கள் எம்மிடம் குறைவு. பயிற்சி நெறிகளும் டிப்ளோமாக்களும் வேண்டிய அளவு இருக்கின்றன. அந்த அறிவு எந்தப் பிள்ளையின் பக்கம் நிற்கிறது என்பதுதான் இனிக் கேட்க வேண்டியது. கெட்டிக்காரப் பிள்ளைக்கு வீட்டில் அம்மா அப்பா இருக்கிறார்கள், தனியார் வகுப்பு இருக்கிறது, பதாகை இருக்கிறது. கடைசி வாங்கில் இருப்பவனுக்குப் பாடசாலை ஒன்றுதான் இருக்கிறது. அதன் திட்டத்திலும் அவனுக்கு இடமில்லை என்றால் இலவசக் கல்வி என்று நாம் பெருமைப்படுவதில் அவனுக்கு என்ன பங்கு?